அம்மா இறங்கிக்கொண்ட கிளைடர்

குல்கர்னி காக்கா காகிதத்தைக் கைப்பிடிச் சுவரின் மேல் விரித்து, அது பறந்துவிடாமல் நான்கு மூலையிலும் நான்கு கல் வைத்தார். காலை ஏழரை மணி இருக்கும். எங்கள் டேக்டியில் அந்த நேரத்துக்குக் காற்று கீழேயிருந்து மேலே ஏறி வரும். புல்லெல்லாம் நம்மைப் பார்த்துச் சாய்ந்திருக்கும். டேக்டி என்றால் குன்று. புனேயிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு அதைக் குன்று என்று சொல்ல இன்னும் வாய் வருவதில்லை.

காகிதத்தில் இருந்தது ஒரு தகவல் பலகையின் மாதிரி. சரிவு முழுக்கப் பூங்காவாக இருக்கும் இந்த டேக்டியின் உச்சியில் அதை நிறுத்தப்போகிறார்கள். காலை நடைக்கு வருகிற நாங்கள் ஒரு குழுவாகச் சேர்ந்து, மாநகராட்சியிடம் அனுமதி வாங்கி வைக்கிற பலகை. காக்கா என்றால் மராத்தியில் சித்தப்பா; குல்கர்னி காக்கா ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியர். எங்கள் குழுவுக்கு அவர்தான் தலைவர்.

மேல் பாதியில், இந்தச் சரிவிலிருந்து ஒரு காலத்தில் கிளைடர்கள் பறந்த கதை மராத்தியிலும் ஆங்கிலத்திலும். கீழ்ப் பாதியில் என் அம்மாவின் படம். இருபது வயது நாகம்மாள், புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, தலையில் தோல் குல்லாயுடன், கிளைடரின் இருக்கையில் உட்கார்ந்து பல் தெரியச் சிரிக்கிறாள். படத்துக்கு அடியில், இங்கிருந்து பறந்த முதல் பெண் என்று எழுதியிருந்தது.

அந்தப் படத்தையும் செய்தியையும் குழுவுக்குக் கொடுத்தவள் நான்.

அம்மாவுக்கு இப்போது எண்பத்தாறு வயது. மேல் வாசல் வரை ஆட்டோவில் கூட்டி வந்திருந்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தை வெகுநேரம் பார்த்தாள். பிறகு மராத்தி வரியில் விரலை வைத்து, எழுத்தெழுத்தாகக் கூட்டிப் படித்தாள். பஸ் பலகைகளைப் பார்த்துக் கற்றுக்கொண்ட படிப்பு அது. நான் என் செல்போனை எடுத்துத் தயாராக வைத்திருந்தேன். கண் கலங்குவாள், அதைப் படம் பிடித்து என் மகளுக்கு அனுப்பலாம் என்று நினைத்தேன்.

"இதை அழிச்சிடச் சொல்லு," என்றாள் அம்மா.

பெயரைத் தப்பாக எழுதிவிட்டார்களா என்று கேட்டேன்.

"பேரு சரியாத்தான் கீது. சேதிதான் தப்பு. நான் பறக்கலடி."

குல்கர்னி காக்காவுக்குத் தமிழ் தெரியாது. ஆயிக்கு, அதாவது அம்மாவுக்கு, சந்தோஷம்தானே என்று மராத்தியில் விசாரித்தார். வெயில் ஏறுகிறது, அம்மாவுக்குக் களைப்பாக இருக்கிறது, நாளைக்கு வந்து சொல்கிறேன் என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன்.

முதலில் ஒரு திருத்தம்

இந்தத் தொடரை ஆரம்பத்திலிருந்து படிப்பவர்களுக்கு நினைவிருக்கும். ஒரு வாரம் நான் இந்தப் படத்தைப் பற்றி எழுதினேன். என் அம்மா வானத்தில் பறந்தவள் என்று எழுதினேன். எழுதும்போது எனக்கே கொஞ்சம் நெஞ்சு நிமிர்ந்தது. கோயம்புத்தூரிலிருந்து ஒரு வாசகர் அந்தப் பகுதியைத் தன் மகள்களுக்கு வாசித்துக் காட்டியதாகக் கடிதம் போட்டிருந்தார்.

அவருக்கும் மற்றவர்களுக்கும் சொல்கிறேன். நான் எழுதியது தவறு.

போசரியில் பல்சக்கரம் செய்கிற ஒரு தொழிற்சாலையில் முப்பது வருடம் தரப் பரிசோதகராக இருந்தவள் நான். அளவு தப்பினால் சிவப்புச் சீட்டு ஒட்டுவது என் வேலை. மேலாளரின் மைத்துனர் செய்து கொடுத்த சரக்காக இருந்தாலும் ஒட்டியிருக்கிறேன். என்னைப் பார்த்தால் லேத் ஓட்டுகிறவர்கள் பீடியை அணைத்துவிட்டு அளவுகோலைத் தேடுவார்கள். அப்படிப்பட்டவள் என் சொந்த வீட்டுக் கூடத்தில் மாட்டியிருந்த படத்தை அறுபது வருடம் சோதிக்காமல் விட்டிருக்கிறேன். இந்த வாரம் எழுத வைத்திருந்த பகுதியைத் தள்ளி வைத்துவிட்டு இதை எழுதுவது அதனால்தான்.

என் மகளுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. ஒவ்வொரு வாரமும் நானே வாசித்துக் குரலாகப் பதிந்து அவளுக்கு அனுப்புவேன். இதையும் அனுப்புவேன்.

ரப்பர் கயிறு

கிளைடர் என்றால் எஞ்சின் இல்லாத விமானம். மரச்சட்டம், அதன் மேல் துணி, நீளமாக இரண்டு இறக்கை. காற்று தாங்குகிற வரைக்கும் மேலே இருக்கும், பிறகு மெதுவாக இறங்கிவிடும்.

சுதந்திரம் வந்து பத்துப் பன்னிரண்டு வருடம் ஆகியிருந்த காலம். இந்த ஊரில் கிளைடர் ஓட்டக் கற்றவர்களில் முதல் கூட்டம் இந்த டேக்டிக்குத்தான் வந்தது. மேலே ஏற்றிவிட அவர்களிடம் இயந்திரம் எதுவும் இல்லை. ஒரு ரப்பர் கயிறு இருந்தது. கட்டைவிரலை விடத் தடிமனாக, பாம்பு மாதிரி கனமாக இருக்குமாம். அதன் நடுவைக் கிளைடரின் மூக்கில் மாட்டுவார்கள். இரண்டு முனைகளையும் பிடித்துக்கொண்டு ஆறு பேர் இந்தப் பக்கமும் ஆறு பேர் அந்தப் பக்கமுமாகச் சரிவில் கீழே ஓடுவார்கள். வாலை இரண்டு பேர் விடாமல் பிடித்திருப்பார்கள். கயிறு இழுபட்டு இழுபட்டு விண்ணென்று ஆனதும் வாலை விட்டுவிட வேண்டும். பையன்கள் உண்டிவில்லில் கல் எறிகிற மாதிரிதான், கல்லுக்குப் பதில் ஒரு மனிதன்.

நடத்தியவர் ராணுவத்தில் இருந்து விலகிய ஒரு மேஜர். கயிறு இழுத்தவர்கள் கல்லூரி மாணவர்கள். மேஜர் "சலோ" என்றால் நடக்க வேண்டும். "தௌடோ" என்றால் ஓட வேண்டும். "சோடோ" என்றால் வாலை விட வேண்டும். இந்த மூன்று வார்த்தையும் எங்கள் வீட்டில் அன்றாடம் புழங்கியவை. பள்ளிக்கூடத்துக்கு நேரமானால் அம்மா என்னைப் பார்த்து "தௌடோ" என்பாள்.

இப்போது தகர ஊஞ்சலும் சறுக்குமரமும் இருக்கிற கீழ்ப் புல்வெளிதான் அன்றைக்குக் கிளைடர் வந்து இறங்கிய இடம். மேலே குடிநீர்க் குழாய் இருக்கிற இடத்தில் ஒரு தகரக் கொட்டகை இருந்தது. அங்கேதான் கிளைடர்களைப் பழுது பார்த்தார்கள். அம்மா வேலை பார்த்ததும் அங்கேதான்.

இறக்கையின் இரண்டு பக்கம்

என் அப்பா வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்து இங்கே வெடிமருந்துத் தொழிற்சாலையில் சேர்ந்தவர். கல்யாணமான கையோடு அம்மாவைக் கூட்டி வந்தார். குடியிருப்பில் இருந்த பெண்களுக்கெல்லாம் அம்மா ஜாக்கெட் தைத்தாள். பொடித் தையல், நூல் பிடித்த மாதிரி நேராக இருக்கும். கொட்டகையில் துணி தைக்கப் பெண்கள் வேண்டும் என்று அப்பாவின் தொழிற்சாலை நண்பர் ஒருவர் சொல்ல, அம்மா போனாள்.

இறக்கைக்குத் துணி போடுவது தலையணை உறை போடுகிற மாதிரி வேலை இல்லை. துணியை மரச்சட்டத்தோடு சேர்த்துத் தைக்க வேண்டும். இறக்கையைச் சுவர் மாதிரி நிமிர்த்தி நிறுத்துவார்கள். ஒரு பக்கம் ஒருத்தி, மறு பக்கம் இன்னொருத்தி. ஒரு முழ நீள ஊசியில் மெழுகு தடவிய நூல். இந்தப் பக்கத்திலிருந்து அம்மா குத்துவாள், அந்தப் பக்கத்திலிருந்து கூட வேலை பார்த்த சாந்தாபாய் இழுப்பார். சாந்தாபாய் திருப்பிக் குத்துவார், அம்மா இழுத்து முடிச்சுப் போடுவாள். இப்படி ஒரு இறக்கைக்கு எத்தனையோ நூறு முடிச்சு.

தைத்து முடித்ததும் துணியின் மேல் ஒரு மருந்து பூசுவார்கள். அது காயக் காயத் துணி இறுகி மத்தளம் மாதிரி ஆகிவிடும். கனிந்த வாழைப்பழமும் ஸ்பிரிட்டும் கலந்த வாசனை. எங்கள் அப்பாவுக்கு அந்த வாசனை பிடிக்காது, தலைவலிக்கிறது என்பார். வெடிமருந்து வாசனையில் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வருகிறவர் இதைச் சொல்வதுதான் எங்களுக்குச் சிரிப்பாக இருக்கும்.

சாந்தாபாய் மராத்திக்காரர்; பாய் என்பது அங்கே பெண்களை மரியாதையாக அழைக்கிற சொல். அம்மாவை விட ஒரு வயது, இரண்டு வயது மூத்தவராக இருக்கலாம். கணவர் ரயில்வேயில் தண்டவாளம் பார்க்கிறவர். அம்மா வந்து சேர்ந்தபோது அவளுக்கு மராத்தி ஒரு வார்த்தை தெரியாது, பாய்க்குத் தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாமல் துணிக்கு இரண்டு பக்கமும் நின்று நாள் முழுவதும் பேசியிருக்கிறார்கள். அம்மாவின் மராத்தி அங்கே வந்ததுதான். இன்றைக்கும் காய்கறிக்காரரோடு அவள் பேசுவதைக் கேட்டால் தளேகாவ் பக்கத்துக் கிராமத்துப் பெண் என்றே நினைப்பார்கள்.

நாங்கள் நம்பிய கதை

ஒரு கிளைடருக்கு இறக்கைத் துணி முழுவதும் புதிதாக மாற்றினார்கள். அருகருகே இரண்டு பேர் உட்காருகிற கிளைடர் அது. புதுத் துணி போட்டதும் மேஜர் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பார். பக்கத்து இருக்கை காலியாக இருக்கக் கூடாது என்று மணல் மூட்டை வைப்பார்கள். அன்றைக்கு மேஜர் கொட்டகைப் பக்கம் திரும்பி, தைத்தவர்களுக்குத் தைரியம் இருந்தால் யாராவது வரலாமே என்று கேட்டிருக்கிறார். கயிறு பிடித்த மாணவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பைக் கேட்டதும் அம்மா கையைத் தூக்கிவிட்டாள்.

மேஜரின் நண்பர் ஒருவர் அன்று கேமராவோடு வந்திருந்தார். அம்மா ஏறி உட்கார்ந்ததும் படம் எடுத்தார். வேறு வேலை இருந்ததால் உடனே கிளம்பிப் போய்விட்டார். ஒரு வாரம் கழித்துப் படம் அம்மாவின் கைக்கு வந்தது.

அப்பா அதைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினார். யார் வந்தாலும் கதையை அப்பாதான் சொல்வார். அம்மா அடுப்படியில் இருப்பாள். கிளைடர் எழும்பியது, இடப்பக்கம் திரும்பியது, ஆறு தெரிந்தது என்று அப்பா கையை விரித்துக் காட்டுவார். அவர் பார்த்ததில்லை, அன்று அவருக்குப் பகல் ஷிப்ட். அவருக்குப் பிறகு நான் சொன்னேன். ஆறு மட்டுமல்ல, ரயிலும் தெரிந்தது என்று சேர்த்துக்கொண்டேன்.

மட்டர் உரித்தபடி

டேக்டியிலிருந்து திரும்பி வந்ததும் அம்மா மட்டர் உரிக்க உட்கார்ந்தாள். பச்சைப் பட்டாணியை எங்கள் வீட்டில் யாரும் பட்டாணி என்று சொல்வதில்லை. நான் எதிரே உட்கார்ந்தேன். அவளே பேசட்டும் என்று காத்திருந்தேன்.

இடுப்பில் பட்டையை மாட்டியதும்தான் அது வந்தது என்றாள். அதுவரை சிரித்துக்கொண்டுதான் இருந்தாளாம். பட்டையைக் கொக்கியில் இறுக்கியதும், எதிரே சரிவு எங்கேயோ முடிந்து அப்பால் ஒன்றுமே இல்லாதது கண்ணில் பட்டது. மேஜர் "சலோ" சொல்வதற்கு வாயைத் திறந்தார். அம்மா கொக்கியைத் தானே கழற்றிக்கொண்டு இறங்கிவிட்டாள்.

எனக்கு ஒரு காரணம் தேவைப்பட்டது. ஒருவேளை நான் வயிற்றில் இருந்தேனோ, அதனால் இறங்கினாளோ என்று கேட்டேன்.

"நீ பொறக்க இன்னும் நாலு வருசம் கீது அப்போ. பயந்துட்டேன், அவ்ளோதான்."

தையல் மேல் ஏதாவது சந்தேகமா என்றும் கேட்டேன். பரிசோதகர் புத்தி.

"தையல் மேல எனக்கு இன்னா சந்தேகம்? எம்மேலதான்."

அவள் இறங்கியதும் மேஜர் மணல் மூட்டையைக் கொண்டுவரச் சொன்னார். மூட்டை வருவதற்குள் சாந்தாபாய் போய் ஏறி உட்கார்ந்துவிட்டார். ஒன்பது கஜப் புடவை, கச்சம் வைத்துக் கட்டியது. ஏறுவதற்கு அம்மாவின் புடவையை விட வசதி. யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மேஜர் அவரைப் பார்த்தார், பிறகு கயிற்றுக்காரர்களைப் பார்த்துச் சலோ என்றார்.

பறந்துவிட்டு வந்து சாந்தாபாய் அம்மாவிடம் சொன்ன முதல் விஷயம், யாரிடமும் சொல்லாதே என்பதுதான். அந்நிய ஆணோடு உட்கார்ந்து ஆகாயத்தில் போய் வந்தாள் என்று மாமியார் வீட்டில் தெரிந்தால் அன்றே வெளியே அனுப்பிவிடுவார்கள். படம் எடுத்தது உன்னைத்தானே, நீயே போனதாகச் சொல்லிவிடு என்றிருக்கிறார். அம்மா சரி என்றாள். கயிறு இழுத்த மாணவர்கள் எங்கள் குடியிருப்புப் பக்கமோ பாயின் வீட்டுப் பக்கமோ வருகிறவர்கள் இல்லை. விஷயம் அப்படியே நின்றுவிட்டது.

அப்படியானால் தோழிக்காகச் சொன்ன பொய்தானே, அதில் என்ன தப்பு என்றேன். அம்மா உரித்த காயைக் கீழே வைத்தாள்.

"அவளுக்காகத்தான் சொன்னேன்னு சொன்னா அதுவும் பொய்தான் மரகதம். எனக்கும் புடிச்சிருந்திச்சி. உங்க அப்பா எல்லாருக்கும் சொல்லச் சொல்ல, நானே போன மாதிரி இருந்திச்சி. வீட்டுச் சுவத்துல இருக்கட்டும்னு விட்டுட்டேன். ஊர்ல பலகை வெச்சி எழுதறது வேற. அது அவ சேதி."

அப்பா இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று யோசித்தேன். ஒன்று மட்டும் நிச்சயம். அவர் கையை விரித்துக் காட்டிய அத்தனை நாளும் அடுப்படியில் இருந்தவள் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

தளேகாவ்

உண்மையை உடனே போய்ச் சொல்லிவிட முடியாது என்றாள் அம்மா. யாரிடமும் சொல்வதில்லை என்று வாக்குக் கொடுத்திருக்கிறாள், என்னிடம் சொன்னதே அதிகம். சாந்தாபாய் அந்த வாக்கிலிருந்து விடுவித்தால்தான் சொல்லலாம்.

சாந்தாபாயின் கணவருக்கு மாற்றலாகி அவர்கள் தளேகாவுக்குப் போய் எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. கடைசியாக ஒரு கல்யாணத்தில் பார்த்துக்கொண்டதே இருபது வருடத்துக்கு முன்னால். அன்று குறித்து வைத்த போன் எண் இப்போது உபயோகத்தில் இல்லை. ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் மாவு மில், அதற்குப் பின்னால் வீடு என்பது மட்டும் அம்மாவுக்கு ஞாபகம். அது போதும் என்று கிளம்பினோம்.

லோனாவ்லா லோக்கல் ரயிலில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பாய் உயிரோடு இருக்கிறாரா என்பதே எங்களுக்குத் தெரியாது. அந்தக் கேள்வியை இரண்டு பேரும் வாயில் எடுக்கவில்லை. மாவு மில் இருந்தது. கேட்டதும் மில்காரர் மாவு படிந்த கையால் பின்பக்கத்து அடுக்குமாடி வீட்டைக் காட்டி, ஆஜி (பாட்டி) மூன்றாவது மாடியில் இருக்கிறார், லிப்ட் வேலை செய்கிறது என்றார். அம்மா என் கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினாள்.

சாந்தாபாய் கட்டிலில் சாய்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தார். உடம்பு பாதியாக வற்றியிருந்தது, குரல் மட்டும் அப்படியே இருந்தது என்று அம்மா பிறகு சொன்னாள். அம்மாவைப் பார்த்ததும் எழுந்திருக்க முயன்றார். முடியவில்லை என்றதும் கையை நீட்டினார். அம்மா போய்க் கட்டிலில் உட்கார்ந்துகொண்டாள். கொஞ்ச நேரம் யார் யார் போய்விட்டார்கள் என்ற கணக்கு நடந்தது. இரண்டு கணவர்களும் போய்விட்டார்கள். மேஜர் எப்போதோ போய்விட்டார்.

சாகண் ஊரில் கார் தொழிற்சாலை ஒன்றில் இஞ்சினியராக இருக்கிற பேரன் ரோஹன் அன்று வீட்டில் இருந்தான். அவனுடைய அம்மா, பாயின் மருமகள், டீ கொண்டுவந்தார். இவர்கள் முன்னால் கேட்பதா என்று அம்மா தயங்கினாள். அப்புறம் கேட்டேவிட்டாள். டேக்டியில் பலகை வைக்கிறார்கள் என்றும், அன்றைக்கு நடந்ததைச் சொல்லலாமா என்றும் மராத்தியில் கேட்டாள்.

பாய் முதலில் கதவைப் பார்த்தார். மாமியார் செத்து நாற்பது வருடம் ஆகியும் அந்தப் பார்வை அவரிடம் இருந்தது. பிறகு சிரித்துவிட்டார்.

"இனிமே யார் என்னை வெளியே அனுப்பப்போறாங்க? இந்த வீடு என் பேர்ல இருக்கு," என்றார் மராத்தியில்.

என்ன விஷயம் என்று ரோஹன் கேட்டான். பாய் தானே சொன்னார். தொண்ணூறை நெருங்குகிற பாட்டி எஞ்சின் இல்லாத விமானத்தில் போயிருக்கிறாள் என்று கேட்டு அவன் நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டான். மருமகள் டீத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார்.

கயிறு இழுத்தபோது உடம்பு முன்னால் போய்விட்டது, வயிறு மட்டும் டேக்டியிலேயே தங்கிவிட்டது என்றார் பாய். அதற்கப்புறம் சத்தமே இல்லை. துணியில் காற்று உரசுவது மட்டும் கேட்டது. அவர் கீழே பார்க்கவில்லை. இறக்கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு முடிச்சாகப் பார்த்தார், இது நான் குத்தியது, இது நாகு முடிச்சுப் போட்டது என்று. பாதி வழியில் மேஜர், பாய், கொஞ்சம் கீழேயும் பாருங்கள் என்று சொன்னபிறகுதான் பார்த்தார். ஆறு தெரிந்தது. ரயில் தெரியவில்லை. நான் சேர்த்த ரயில் அன்றோடு போயிற்று.

இடப்பக்கம் திரும்பியபோது அவருடைய வீடே தெரிந்ததாம். மொட்டை மாடியில் அவர் காலையில் உலர்த்திவிட்டு வந்த அப்பளம், வெள்ளை வேட்டியின் மேல் பொட்டுப் பொட்டாக. அதன் நடுவே கறுப்பாக இரண்டு புள்ளி நகர்ந்தன. காக்கை. மேலேயிருந்து விரட்ட முடியுமா? சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது மாமியார் அப்பளம் குறைந்துவிட்டது, எவளோ எடுத்துவிட்டாள் என்று பக்கத்து வீட்டுக்காரியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். இல்லை, காக்கைதான், நான் பார்த்தேன் என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை. அந்தப் பக்கத்து வீட்டுக்காரி பாவம், ஆறு மாதம் பேசாமல் இருந்தாள் என்றார்.

அறுபது வருடமாகச் சொல்ல முடியாதது அதுதான், பறந்ததைக்கூட இல்லை, காக்கையைச் சொல்ல முடியாததுதான் உறுத்திக்கொண்டே இருந்தது என்றார். மருமகள் சிரிக்க ஆரம்பித்து அழுகையில் முடித்தார்.

அம்மா அந்தக் கதையை அன்றுதான் முதல்முறையாகக் கேட்டாள். அன்றைய தினமே பாய் சொல்ல வந்தபோது அம்மா கேட்க மறுத்துவிட்டாளாம். ரயிலில் திரும்பும்போது என்னிடம் சொன்னாள். கேட்டிருந்தால் தாங்கியிருக்க மாட்டேன் என்றாள்.

பலகையில் ஒரு வரி

மறுநாள் குல்கர்னி காக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நான் கொடுத்த செய்தி தவறு என்று என் கைப்படவே எழுதிக் கொடுத்தேன். மனிதர் கோபித்துக்கொள்ளவில்லை. தளேகாவுக்குப் போன் போட்டு பாயோடு ஒரு மணி நேரம் பேசினார். ஆனால் ஒரு சிக்கல். பறந்தவருக்குப் படம் இல்லை. படத்தில் இருப்பவர் பறக்கவில்லை. படத்தை எடுத்துவிடலாம் என்றார்.

படம் இருக்கட்டும் என்றாள் அம்மா. உண்மையை அடியில் எழுதினால் போயிற்று. இறக்கை தைத்தவர்களில் ஒருவர், பறக்க ஏறி உட்கார்ந்தார், புறப்படும் முன் இறங்கிக்கொண்டார், அவருடைய இடத்தில் ஏறிய சாந்தாபாய்தான் பறந்தார் என்று எழுதச் சொன்னாள். ஒருவர் இறங்கிக்கொண்டதை யாராவது பலகையில் எழுதுவார்களா என்று காக்கா தயங்கினார். படிக்கிறவர்கள் சிரிக்க மாட்டார்களா என்றார். சிரித்தால் சிரிக்கட்டும், அன்றைக்கே சிரித்தார்கள் என்றாள் அம்மா. அந்த வரி பலகையில் இருக்கிறது. போய்ப் பார்க்கலாம். நிறையப் பேர் அந்த வரிக்கு வந்ததும் நின்று திரும்பப் படிக்கிறார்கள்.

சரிவு

பலகையைத் திறந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. குளிர் விட்டிருக்கவில்லை. ரோஹன் அனுமதி வாங்கிக் காரை உச்சி வரை ஓட்டி வந்தான். பாய்க்கு ஒரு நாற்காலி போட்டோம். பலகையின் துணியை அவரே இழுத்தார். காக்காவின் பேச்சு நீளமாக இருந்தது; அது அவருடைய தொழில், குறை சொல்ல முடியாது. பெடே என்கிற பால் இனிப்பு கொடுத்தார்கள். நடைக்கு வந்த பெண்கள் பாயோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். அம்மாவோடும் எடுத்துக்கொண்டார்கள்.

எல்லாம் முடிந்ததும் ரோஹன் பாயைக் காரில் ஏற்றினான். சுற்றுப்பாதையில் கீழ் வாசலுக்குப் போய், புல்வெளியைக் காட்டிவிட்டு ஊருக்குக் கூட்டிப் போவதாகத் திட்டம். எங்களையும் ஏறச் சொன்னான்.

"நீங்க போங்க. நான் நடந்து வரேன்," என்றாள் அம்மா.

உச்சியிலிருந்து கீழே இருநூறுக்கும் மேல் படி. அம்மாவின் முழங்கால் எப்படி என்று எனக்குத் தெரியும், என் முழங்காலும் அப்படித்தான். வேண்டாம் என்றேன். அவள் அதற்குள் கைப்பிடிக் கம்பியைப் பிடித்து முதல் படியில் காலை வைத்துவிட்டாள். நான் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டேன்.

ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து இறங்கினாள். பத்துப் படிக்கு ஒருமுறை நின்றாள். சறுக்கல் வந்த இடத்தில் செருப்பைக் கழற்றி என்னிடம் கொடுத்தாள். கீழேயிருந்து ஏறி வந்தவர்கள் வழிவிட்டு ஒதுங்கினார்கள். பாதிக்கு மேல் வந்தபோது மூச்சு வாங்கியது. கம்பியில் சாய்ந்து நின்று, மேலே ஒருமுறை பார்த்தாள், கீழே ஒருமுறை பார்த்தாள். கீழே ஊஞ்சல்கள் இன்னும் சின்னதாகத்தான் தெரிந்தன.

"இவ்ளோ தூரமா போனா அவ?" என்றாள்.

அம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு மறுபடி இறங்க ஆரம்பித்தாள்.

முக்கால் மணி நேரம் ஆனது. கார் எப்போதோ வந்துவிட்டிருந்தது. புல்வெளியின் ஓரத்தில் வேப்பமரத்தடி பெஞ்சில் சாந்தாபாய் உட்கார்ந்திருந்தார். ஊருக்குக் கிளம்பலாமா என்று ரோஹன் இரண்டு தரம் கேட்டானாம். இருடா, அவள் வரட்டும் என்று சொல்லிவிட்டாராம். கடைசிப் படியிலிருந்து புல்லில் அம்மா வெறுங்காலை வைத்தபோது பாய் அங்கிருந்தே குரல் கொடுத்தார்.

"ஆலீஸ் கா, நாகு?"

வந்துவிட்டாயா என்று கேட்டார். அம்மா என் கையை விட்டுவிட்டாள். தனியாகவே நடந்து போனாள்.

"ஆலே," என்றாள். வந்துட்டேன்.

சாந்தாபாய் பெஞ்சில் ஓரமாக நகர்ந்து இடம் விட்டார்.